யாருக்குத் தெரியாமல் சேர்க்கிறோம்?

வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. ‘பொம்பளைங்க சிக்கனம், ஆம்பளைங்க ஊதாரி’ என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு.

கணக்கு தொடங்க வரும் ஆண்கள் பெரும்பாலும் வட்டி எவ்வளவு, பின்னால் கடன் கிடைக்குமா என்று கேட்பார்கள். கல்யாணமான பெண்கள் பலர் முதலில் கேட்பது, “மெசேஜ் எந்த நம்பருக்குப் போகும் மேடம்?” சமீபத்தில் ஒருவர் வந்தார். கணக்கு அவர் பெயரில்தான், பதிவான எண் மட்டும் கணவருடையது. பத்துக் காசு போட்டாலும் எடுத்தாலும் அங்கேதான் மணி அடிக்கும். எண் மாற்றும் படிவத்தைப் பாதி நிரப்பியவர் பேனாவை நிறுத்திவிட்டு, “மாத்தினேன்னு பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் போகுமா?” என்றார். போகும் என்று சொன்னேன். படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கொடுமைக்காரக் கணவர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் பணம் இருப்பது தெரிந்தால் அதற்கென்று ஒரு செலவு முளைக்கும், அவ்வளவுதான். மைத்துனருக்கு அவசரம், வண்டிக்கு டயர், யாருக்கோ கைமாற்று. முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல முடியாதவர்கள், கேட்கவே வழியில்லாத இடத்தில் பணத்தை வைக்கப் பார்க்கிறார்கள்.

கென்யாவில் பாஸ்கலின் டுப்பா, ஜோனதன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் நடத்திய சோதனை ஒன்று உண்டு. 2013இல் வெளியானது. சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கும் சைக்கிள் டாக்சி ஓட்டும் ஆண்களுக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். வட்டி கிடையாது. எடுக்கப் போனால் கட்டணம் வேறு. அதாவது போட்ட பணம் தேயும். அப்படியும் பெண்கள் போட்டார்கள், அவர்கள் வியாபாரத்தில் போடும் முதலும் கூடியது. ஆண்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. தேய்ந்தாலும் பரவாயில்லை, கைக்கு எட்டாமல் இருந்தால் போதும் என்ற கணக்கு. எங்கள் கவுன்ட்டரிலும் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்களேன்.

*

மேடம், எங்கள் வீட்டில் அப்படியே தலைகீழ். சம்பளம் வந்த அன்றே மொத்தமும் மனைவி கணக்குக்குப் போய்விடும். நிதியமைச்சர் அவர்தான். எனக்குக் கைச்செலவுக்கு அளந்து வரும். குறையாகச் சொல்லவில்லை, வீட்டுக் கடன் சீக்கிரம் அடைந்ததே அவரால்தான்.

ஓவர்டைம் பணம் மட்டும் தனியாக உறையில் ரொக்கமாக வரும். அது வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில், காலாவதியான டைரிக்குள் இருக்கிறது. கேமரா லென்ஸ் ஒன்றின் மேல் ஆசை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். “எதுக்கு?” என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் வரிசையாகக் காரணம் அடுக்க வேண்டும். மனைவி ஒளித்து வைத்தால் சாமர்த்தியம் என்கிறார்கள், நான் வைத்தால் திருட்டுத்தனமாம்!

நீங்கள் கென்யா சொன்னதால் நான் பிலிப்பைன்ஸ் சொல்கிறேன். நவா அஷ்ரஃப் என்பவரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு. கல்யாணமானவர்களிடம் பணத்தைக் கொடுத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். மனைவிக்குத் தெரியாது என்றால் ஆண்கள் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டார்கள். தெரிந்துவிடும் என்றால் தங்களுக்கான செலவுக்கே ஒதுக்கிவிட்டார்கள். இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும் என்றபோது பணம் மனைவி கணக்குக்குப் போனது. பெண்களிடம் பொதுவாக இந்த ஆட்டம் தெரியவில்லை. ஆனால் கணவன் கையில் சேமிப்பு இருந்த வீடுகளைத் தனியாகப் பார்த்தால், அந்தப் பெண்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதைவிட, சாவி யாரிடம் என்பதே பெரிது. படித்தபோது என்னையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

*

சார், லென்ஸ் வாங்கியாச்சா இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க.

*

எங்கள் அலுவலகத்தில் சீட்டு நடத்துவது நான். ஏலம், தள்ளுபடி எதுவும் கிடையாது, மாதம் ஒருவருக்கு மொத்தத் தொகை. லாபம் என்று பைசாகூட வராது. ஆனாலும் இடம் காலியாவதே இல்லை. முக்கால்வாசிப் பேர் கல்யாணமான பெண்கள். ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள்: “அக்கா, பேங்க்ல இருக்குன்னா எடுத்துக் குடுன்னுவாங்க. சீட்டு கட்டணும், கட்டலைன்னா பேரு கெட்டுடும்னா வாயைத் திறக்க மாட்டாங்க.”

அவளே விவாகரத்துக்குப் பிறகு விலகிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. “இனிமே என் கணக்குலயே போட்டுக்கறேன்க்கா, யார் கேக்கப் போறா?” என்றாள். இன்னொருத்தியின் ஏடிஎம் அட்டை கணவரிடம் இருக்கிறது, ரகசிய எண்ணும் அவருக்குத்தான் தெரியும். சம்பளம் என்னைவிட அதிகம். ஆசையாக விசாரிப்பாள், சேர்ந்ததில்லை.

சிவான் ஆண்டர்சனும் ழான்-மரி பலாண்டும் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் இதையேதான் கண்டிருக்கிறார்கள் (2002). வீட்டில் பேச்சு அறவே எடுபடாத பெண்ணால் சீட்டில் சேர முடிவதில்லை, முழுவதும் எடுபடுகிறவளுக்கு அது தேவைப்படுவதில்லை. இடையில் இழுபறியில் இருப்பவர்கள்தான் அதிகம் சேர்கிறார்கள். என் நோட்டில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன், பெரும்பாலும் பொருந்துகிறது.

*

கவுன்ட்டர் மேடம்தான் மறுபடியும். எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒளித்துச் சேர்ப்பது சரியா தப்பா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, அது அவரவர் வீட்டு நிலவரம். தொழில்முறையில் ஒன்று மட்டும். ரகசியமாகச் சேர்த்தவர் திடீரென்று போய்விட்டால், அப்படி ஒரு கணக்கு இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்பாரில்லாமல் கிடக்கும். அதனால் நாமினி பெயரை எழுதிவிடுங்கள். கணவனோ மனைவியோதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; மகள், தங்கை, அம்மா, யாராக இருந்தாலும் சரி. பெயர் எழுதினால் அவர்களுக்குத் தகவல் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள், எங்கள் வங்கியில் அப்படி எதுவும் போகாது.

லென்ஸ் அண்ணா, உங்கள் இழுப்பறைக்கு நாமினி வசதி கிடையாது. சீக்கிரம் வாங்கிவிடுங்கள்.