பல்லாரட் ஊர்ச் சரித்திரம் தெரிந்தவர்கள் உண்டா?

வடசேரிக்காரன்:
மகன் ஆஸ்திரேலியாவில் பல்லாரட்டில் படிக்கிறான். பொங்கல் கழிந்து நானும் வீட்டுக்காரியும் போகிறோம். "அங்க பாக்க ஒண்ணும் இல்லப்பா, மெல்பர்ன் போலாம்" என்கிறான். யார் வாழ்ந்த ஊர், என்ன நடந்தது என்று தெரியாமல் ஊர் சுற்ற எனக்குப் பிடிக்காது. சொல்லுங்க மக்களே.

தக்கலை:
அண்ணாச்சி, பையன் பேச்சைக் கேக்காதீங்க. 1851-ல் தங்கம் கிடைத்துப் பெருத்த ஊர் அது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்டணும். பொறுக்க முடியாமல் தங்கம் தோண்டினவர்கள் 1854 டிசம்பர் 3 அன்று அங்குள்ள யுரேகா என்ற இடத்தில் அரசுப் படையோடு மோதினார்கள். தலைவர் பீட்டர் லேலர், அயர்லாந்துக்காரர். இடது கை போயிற்று, தலைக்கு விலையும் வைத்தார்கள். அதே ஆள் 1880-ல் விக்டோரியா சட்டசபையின் சபாநாயகர்! அன்று அவர்கள் ஏற்றிய நீலக்கொடியை யுரேகா மையத்தில் பாருங்க. நினைவுக்கென்று ஆளாளுக்கு வெட்டிப் போனதில் ஒரு பக்கம் கந்தலாக நிற்கும்.

மார்த்தாண்டம்:
லேலரை ரொம்பத் தூக்காதீங்க. 1873-ல் பக்கத்து கிளூன்ஸில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சீனத் தொழிலாளிகளைக் கொண்டுவந்து அதை உடைக்கப் பார்த்த சுரங்கக் கம்பெனியில் அவரும் ஒரு இயக்குநர். அப்புறம், பல்லாரட் தாவரவியல் பூங்காவில் ஆஸ்திரேலியப் பிரதமர்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக உண்டு. அதில் ஜான் கர்ட்டின் பிறந்தது பக்கத்து கிரெஸ்விக்கில்.

தக்கலை:
பூங்காவை ஒட்டித்தான் வெண்டூரி ஏரி. 1956 நவம்பரில் ஒலிம்பிக் படகுப்போட்டி அங்கேதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே மாசம்.

வடசேரிக்காரன்:
சரி, மெல்பர்னுக்கு ஒரு நாள் போதும்.