அலாஸ்கா கடலோரம் போக டிராலர் படகு: ஒற்றை எஞ்சின் போதுமா?

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்:
வான்கூவரில் இருக்கும் மகளோடு சேர்ந்து 36 அடி பழைய டிராலர் படகு (மீன்பிடிப் படகின் வடிவில் கட்டிய, தங்கிப் பயணிக்கும் உல்லாசப் படகு) ஒன்றை வாங்கப் போகிறேன். அலாஸ்கா வரை, பெரும்பாலும் தீவுகளுக்கு உள்ளாகவே செல்லும் கடல்வழியில் நிதானமாகப் போக ஆசை. ஒற்றை எஞ்சின் போதுமா?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்:
தாராளமாகப் போதும் ஐயா. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் அடிப்பாகம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 8 கடல் மைல்தான் வேக எல்லை; இரண்டாவது எஞ்சின் பராமரிப்புச் செலவைத்தான் கூட்டும். அதைவிட, தேக்குத் தளத்தைத் திருகுகளைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்று ஒலித்தால் உள்மரம் ஊறியிருக்கிறது. அந்தப் படகு வேண்டவே வேண்டாம்.

சூரமங்கலம் வாசகர்:
வழியில் சீமோர் நேரோஸ் நீரிணை வரும். அங்கே நீரோட்டம் மணிக்கு 15 கடல் மைல் வரை பாயும். ஓதம் (கடல்நீர் ஏற்ற இறக்கம்) திரும்பும் வேளை பார்த்தே நுழையுங்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்:
மிக்க நன்றி. சோதனையின்போது மகளையே நேரில் நிற்கச் சொல்கிறேன்.