கிரைண்டர் ஓடினா வீட்டு பிளக் எல்லாம் செத்துப்போகுது (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வர்த் செல்வி:
வணக்கம். கோயம்புத்தூர்ல வாங்கிக் கொண்டுவந்த ரெண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், 150 வாட்தான். கொஞ்ச நாளா உளுந்தைப் போட்டு ஓடவிட்டா, மாவு பொங்கி வர்ற நேரத்துல டிபி போர்டுல, அதான் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில, ஒரு சுவிட்ச் டப்புனு விழுது. ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் அணைஞ்சுபோகும். லைட்டும் கரண்ட் ஸ்டவ்வும் மட்டும் எரியும். வீட்டுக்காரர் "லோடு தாங்கல, பெரிய பிரேக்கர் போடணும்"ங்கிறார். ஆனா கெட்டில் போட்டா ஒண்ணும் ஆகலையே? புரட்டாசி வேற. இங்கதான் தெருவே கறி மீனை நிறுத்திடுமே, வீட்டுல மூணு வேளையும் இட்லி தோசைதான். பாதி அரைஞ்ச உளுந்தோட நிக்கிறேன்.

ஜோபர்க் குமார்:
அக்கா, சிம்பிள். எர்த் இல்லாத ரெண்டு பின் அடாப்டர்ல சொருகுங்க, விழாது. என் மிக்ஸி அப்படித்தான் ஓடுது. ஊர்ல யாரு எர்த்தெல்லாம் பாத்தா?

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
குமார் தம்பி, அந்த அடாப்டரைக் குப்பையில போடு. கரண்ட் கசிவு அப்படியேதான் இருக்கும், அது போற வழியைத்தான் நீ அடைக்கிறே. அப்புறம் ஈரக்கையோட மாவைத் தள்ளிவிடுற மனுஷி வழியாத்தான் அது தரைக்குப் போகும்.

செல்விம்மா, உங்க வீட்டுல விழுறது லோடு பிரேக்கர் இல்ல, எர்த் லீக்கேஜ், அதான் கரண்ட் கசிஞ்சா தட்டிவிடுற சுவிட்ச். இங்க பெரும்பாலான வீட்டுல பிளக் எல்லாம் அதுக்குக் கீழ வரும். லைட்டும் ஸ்டவ்வும் தனியா இருக்கும். அதான் அது ரெண்டும் அணையல. 2000 வாட் கெட்டில் எட்டரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், உங்க கிரைண்டர் ஒரு ஆம்பியர்கூட வராது. லோடுன்னா கெட்டில்தானே முதல்ல தள்ளணும்? எர்த் லீக்கேஜ் பாக்குறது வேற: லைவ் வயர்ல போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் வயர்ல திரும்பி வருதான்னு. 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சாலே தட்டிவிடும். பிரேக்கரைப் பெருசாக்கினா இது நிக்காது, சுவருக்குள்ள வயர்தான் சூடாகும்.

இப்போ ஒண்ணு செய்யுங்க. எல்லா பிளக்கையும் உருவிடுங்க. சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது. அது பெரும்பாலும் லைவை மட்டுந்தான் வெட்டும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டுட்டு இருந்தா ஆஃப்லயும் தட்டும். அப்புறம் கிரைண்டரை மட்டும் வேற ரூம் சாக்கெட்ல சொருகி, ட்ரம்முல எதுவும் போடாம ஓட்டுங்க. கல்லைக்கூட எடுத்துடுங்க. ஓடும்போது தொடாதீங்க.

சாட்ஸ்வர்த் செல்வி:
அண்ணாச்சி, கிரைண்டர் மட்டும் சும்மா ஓடினப்போ விழல. பிளக்கை உருவிட்டு உளுந்தும் தண்ணியும் ஊத்தி மறுபடி போட்டேன், கொஞ்ச நேரத்துல விழுந்துடுச்சு.

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
அப்போ தண்ணி எங்கயோ கீழ இறங்குது. பிளக்கை உருவிட்டு ட்ரம்மைத் தூக்குங்க. நடுத் தண்டைச் சுத்தி காஞ்ச மாவு வெள்ளையாக் கோடு போட்டிருக்கா?

சாட்ஸ்வர்த் செல்வி:
ஆமா! தண்டிலிருந்து பெல்ட் பக்கமா ஒழுகி, சுண்ணாம்பு பூசின மாதிரி காஞ்சிருக்கு. கறுப்பு ரப்பர் வளையத்துல நகம் நுழையுற அளவுக்கு விரிசல்.

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
அதேதான். அந்த ரப்பர் வளையம்தான் சீல், அது போயிருச்சு, மாவுத்தண்ணி மோட்டார் வரைக்கும் போகுது. டர்பன் காத்துல உள்ள போன ஈரம் லேசுல காயாது. சீலை மாத்துறதுக்கு முன்னாடி மோட்டாரை நல்லா காயவச்சு, 500 வோல்ட்டுல மெகர் (கரண்ட் கசியுதான்னு அளக்கிற மீட்டர்) வச்சுப் பாக்கணும். ஒரு மெகா ஓம்முக்குக் கீழ காட்டினா ஓட்டவே கூடாது. டிபி போர்டை மட்டும் நீங்களோ வீட்டுக்காரரோ திறக்காதீங்க, அது பதிவு பண்ணின எலக்ட்ரீசியன் வேலை.

ஜோபர்க் குமார்:
சரி அண்ணாச்சி, அடாப்டரைத் தூக்கிட்டேன். மிக்ஸியை மூணு பின்னுல போட்டதும் எனக்கும் டப்பு!

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
நல்ல வேளை. அதை ஓட்டாதே, பக்கத்துல ஒரு ஆளைப் பாத்துக் காட்டு.

சாட்ஸ்வர்த் செல்வி:
மிச்ச உளுந்தை ஐஸ் தண்ணி விட்டு மிக்ஸியில அரைச்சாச்சு, ஆனா மாவு பொங்கி வரல. சீல் ஊர்லேர்ந்து வர்ற தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். மெகர் உங்ககிட்ட இருக்கா?

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
இருக்கு, சனிக்கிழமை வாங்க. மோட்டார் இருக்கிற அடிப்பாகம் மட்டும் போதும், கல்லைத் தூக்கிட்டு வராதீங்க.