கலைச்சொல்: வலைவாய், ஆளுகைவாய், கற்றை (மறுமொழி: ‘போர்ட்’டுக்குத் ‘துறை’ போதாதா?)

வணக்கம்.

வீட்டுச் சேமிப்பகம் (வீட்டுக் கோப்புகளையெல்லாம் வைத்து, பிணையம் வழியாகப் பகிரும் கணினி) கட்டுவோருக்கான கையேட்டில் தாய்ப்பலகை பற்றிய பகுதி ‘போர்ட்’ என்ற ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முந்தைய மடல்களில் வந்த கருத்துகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> போர்ட் என்றால் துறை. கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. பேச என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. சூப்பர்மைக்ரோவின் எக்ஸ்11எஸ்எஸ்எச்-எல்என்4எஃப் போன்ற ஒரு சர்வர் பலகையை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஈதர்நெட் கம்பி செருக ஐந்து இடங்கள் இருக்கும். நான்கு ஒரு கூட்டமாக இருக்கும். ஐந்தாவது மட்டும் தள்ளிப்போய் இரண்டு யூஎஸ்பி செருகிடங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஐந்துக்கும் ஒரே வடிவம், ஒரே கம்பி, ஓரத்தில் அதே சின்ன விளக்குகள். ஆனால் அந்த ஐந்தாவதன் வழியாக உங்கள் கோப்பு ஒன்றுகூடப் போகாது. பலகையின் பெயரிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள்: எல்என்4 என்றால் நான்கு லேன் (வீட்டுப் பிணையத்தில் சேர்க்கும் ஈதர்நெட் இணைப்பு), கடைசியில் உள்ள எஃப் என்றால் ஐபிஎம்ஐ (கணினியைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்யும் வசதி) உண்டு. தெரிந்தவருக்குப் புரியும். புதிதாக வாங்குகிறவர் படத்தைப் பார்த்து ‘ஐந்து’ என்று எண்ணுவார். நாமும் எல்லாவற்றையும் ‘துறை’ என்றே எழுதினால் அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் இறக்கி வைத்ததாகத்தான் ஆகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த ஐந்தாவதற்கு ‘மேலாண்மைத் துறை’ என்று எழுதிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் எந்தக் கட்டடம் என்று கேட்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: கோப்பு போகிற வழிக்கு வலைவாய். ஐந்தாவதற்கு ஆளுகைவாய். மென்பொருளில் எந்தச் செயலிக்கான தரவு என்று பிரித்தறிய வருகிற 0 முதல் 65535 வரையிலான எண்ணுக்குத் ‘துறை எண்’ அப்படியே இருக்கட்டும். அங்கே கம்பியும் இல்லை, ஓட்டையும் இல்லை. வன்பொருளையும் மென்பொருளையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆங்கிலத்தின் பழக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

> ‘வாய்’ கொச்சையாக ஒலிக்கிறது. நான்கு வாய் உள்ள பலகையா?

கால்வாய், வாய்க்கால், மடைவாய் எதிலும் கொச்சை இல்லையே. ஏதோ ஒன்று பாய்ந்து உள்ளே வரவோ வெளியே போகவோ இருக்கும் திறப்புக்குத் தமிழ் எப்போதும் வாய் என்றுதான் சொல்லியிருக்கிறது. வாயில் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ‘நுழைவாயில்’ கேட்வேக்குப் (ஒரு பிணையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி) போய்விட்டதால் வாயிலை இங்கே தொடாமல் விடுவது நல்லது.

> கண்காணிப்பு வாய் என்று வைக்கலாமே?

கண்காணிப்பது அதன் வேலையில் பாதிகூட இல்லை. அந்த வாய்க்குப் பின்னால் பலகையிலேயே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதற்குத் தனிச் செயலி, தனி நினைவகம், தனி ஐபி முகவரி. பெரிய கணினி அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகியிருக்கும் வரை அது விழித்திருக்கும். வேறொரு அறையிலிருந்து உலாவியைத் திறந்து கணினியை ஏற்றலாம், இறக்கலாம். பயாஸ் (கணினி ஏறும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) திரையைப் பார்த்து மாற்றலாம். நிறுவல் வட்டின் பிம்பத்தை இங்கிருந்தே அதற்குக் கொடுக்கலாம். அலமாரிக்குள் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் கிடக்கும் சேமிப்பகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்டெல், டெல், எச்பி, நெக் சேர்ந்து 1998இல் ஐபிஎம்ஐ வரையறையைக் கொண்டுவந்தபோதே இயந்திரத்தைத் தள்ளி நின்று ஆள்வதுதான் நோக்கம். எனவே ஆளுகை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொல்விளக்கத்தில் அதற்கு இடம் வேண்டும். பல சூப்பர்மைக்ரோ பலகைகளில் ஆளுகைவாயில் கம்பி இல்லாமல் கணினியை ஏற்றினால், அந்தக் குட்டிக் கணினி முதல் வலைவாயைப் பங்குபோட்டுக்கொள்ளும். அமைப்பில் போய் மாற்றாதவரை இதுதான் இயல்புநிலை. அதாவது ஆளுகை வசதி, ஆளுகைவாயில் மட்டும்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அந்த வசதியை இணையத்துக்குத் திறந்துவைப்பது வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுப்போவதுதான். ‘ஆளுகைவாய் என்பது இடத்தின் பெயர், வசதியின் பெயர் அன்று’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

சரி, அடுத்தது பெரிய சண்டை.

> லிங்க் அக்ரிகேஷன்: ‘இணைப்புத் திரட்டல்’ என்று முடித்துவிடலாம்.

பல வலைவாய்களைச் சேர்த்து ஒரே இணைப்பாகப் பயன்படுத்துவதுதான் லிங்க் அக்ரிகேஷன். ‘திரட்டல்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. திரட்டினால் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நான்கு ஒரு கிகாபிட் வலைவாய் உள்ள பலகையை வாங்குகிற பாதிப் பேர் நினைப்பதும் அதுதான்: நான்கையும் சேர்த்தால் நான்கு மடங்கு வேகம். நடப்பது வேறு. 2000இல் 802.3ஏடி என்று வந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் ஆன அந்தத் தரத்தில், ஒரு உரையாடலின் (இரு கணினிகளுக்கு இடையே நடக்கும் ஒரு தொடர்பின்) பொட்டலங்கள், அதாவது தரவுத் துண்டுகள், வரிசை கலையாமல் போக வேண்டும். அதற்காக முகவரிகளையும் துறை எண்களையும் வைத்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு உரையாடலையும் ஏதாவது ஒரே கம்பியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு கணினி ஒரு பெரிய கோப்பை இழுக்கும்போது மற்ற மூன்று கம்பியும் சும்மா இருக்கும். விநாடிக்கு 125 மெகாபைட், அதிலும் தலைப்புச் செலவு (ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகும் முகவரி போன்ற கூடுதல் தகவல்) போக நூற்றுப் பத்துச் சொச்சம், அவ்வளவுதான். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் பலன் தெரியும். ஒரு கம்பி அறுந்தாலும் தொடர்பு அறாது என்பது கூடுதல் நன்மை.

இதற்குப் ‘பிணையல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல். களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சூடடிப்பதுதான் பிணையல். எத்தனை மாடு கட்டினாலும் நடை ஒரு மாட்டின் நடைதான். மிதிபடும் அகலம்தான் கூடும். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. லினக்ஸில் பாண்டிங் என்று சொல்வதற்கும் பக்கத்தில் வருகிறது. ஆனால் நெட்வொர்க்கைப் பிணையம் என்று எழுதுகிறோமே! ‘பிணையத்தில் பிணையலைப் பிணைக்க’ என்று கையேட்டில் ஒரு வரி வந்தால் நானே படிக்காமல் தாண்டிப் போவேன். மனமில்லாமல்தான் அதைக் கைவிடுகிறேன்.

என் தேர்வு கற்றை. இழைகள் சேர்ந்திருந்தாலும் ஒவ்வொன்றும் தனி இழைதான் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வினையாகவும் வளையும்: கற்றையாக்கு, கற்றையைப் பிரி, கற்றையில் சேர். ‘ஒளிக்கற்றை’யோடு குழம்பும் என்று இயற்பியல் படித்தவர்கள் சொல்லலாம், ‘வலைவாய்க் கற்றை’ என்று முழுதாக எழுதினால் குழம்பாது.

எஸ்எம்பி (விண்டோஸ் பயன்படுத்தும் கோப்புப் பகிர்வு நெறிமுறை) மல்டிசேனலை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஒரே கோப்பையே பல கம்பிகளில் பிரித்து அனுப்ப முடியும்; லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வு தரும் சாம்பா மென்பொருளில் 4.15 முதல் இயல்பாகவே இயங்குகிறது. அதற்குப் பல்தடம் போதும். கற்றைக்கும் பல்தடத்துக்கும் உள்ள இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பலர் வேறு பலகை வாங்குவார்கள்.

கலைச்சொல்லுக்கு வெளியே ஒரு வார்த்தை. இன்றைய ஒற்றை வன்வட்டே கோர்வையாகப் படிக்கும்போது ஒரு கிகாபிட் வலைவாயை நிரப்பிவிடும். வீட்டில் ஒருவரோ இருவரோதான் கோப்புகளை இழுக்கிறார்கள் என்றால் நான்கு ஒரு கிகாபிட் வாயைவிட ஒரே ஒரு 10 கிகாபிட் வாய் மேல். பழைய கேட்5ஈ கம்பியை மாற்ற மனமில்லையென்றால் 2.5 கிகாபிட் போதும். நான்கு வாயும் உண்மையில் உதவுவது, அதே கணினியில் மெய்நிகர்க் கணினிகளையும் தீச்சுவரையும் (ஃபயர்வால்) சேர்த்து ஓட்டுகிறவருக்கு. கையேட்டில் இதை எழுத யாரும் தயங்க வேண்டாம்.

இந்தச் சொற்களோடு அந்தப் பகுதி இப்படி வரும்:

‘நான்கு வலைவாயும் ஓர் ஆளுகைவாயும் உள்ள தாய்ப்பலகை இது. வலைவாய்களில் இரண்டைக் கற்றையாக்கிச் சேமிப்பகத்துக்கு விடலாம். கற்றையாக்க, கம்பிகள் போய்ச் சேரும் பிணைய ஸ்விட்சிலும் அந்த வசதி இருக்க வேண்டும். ஆளுகைவாயைக் கற்றையில் சேர்க்க முடியாது. அதற்குத் தனிக் கம்பி இழுத்து, வெளி இணையம் தொடாத பிணையத்தில் வையுங்கள்.’

மாற்றுக் கருத்து இருந்தால் இந்தப் பத்தியையே உங்கள் சொற்களில் திருத்தி அனுப்புங்கள். தனிச்சொல்லாகப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது உறுத்துகிறது என்று தெரியும். அப்புறம், பிசிஐஇ ஸ்லாட்டுக்கு (தாய்ப்பலகையில் கூடுதல் அட்டைகள் செருகும் இடம்) தனி மடல் தொடங்கலாம். அதைச் சிலர் ‘செருகுவாய்’ என்று எழுதுகிறார்கள். வலைவாய் ஏற்கப்பட்டால் ஸ்லாட்டுக்கு வாய் என்று முடியாத வேறு சொல் வேண்டும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.