உயிரித் தகவலியல் முதுநிலைப் படிப்பு: நிறுவனப் பணியை நோக்கமாகக் கொண்டவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கேள்வி

உயிர்வேதியியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். பைத்தானில் சிறு நிரல்கள் எழுதத் தெரியும். புள்ளியியல் அறிவு ஓரளவுக்கே உண்டு. மருந்து ஆய்வு நிறுவனத்திலோ மரபணுப் பரிசோதனை நிறுவனத்திலோ, உயிரியல் தரவுகளைக் கணினியால் பகுப்பாய்வு செய்யும் உயிரித் தகவலியலாளராகப் பணியாற்றுவதே என் நோக்கம். மூன்று இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது: உயிரியல் துறை நடத்தும், ஆய்வேட்டுடன் கூடிய இரண்டாண்டுப் படிப்பு, ஆய்வேடு இன்றி, பாடங்களும் நிறுவனப் பயிற்சியும் கொண்ட ஓராண்டுப் படிப்பு, மரபணுவியலை விருப்பப் பாடமாக மட்டுமே வைத்திருக்கும் தரவு அறிவியல் பட்டம். முனைவர் பட்டம் இல்லாவிட்டால் இத்துறையில் உயர முடியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை அளவுகோலாகக் கொள்வது?

முதல் பதில்

பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, கட்டாயப் பாடங்களில் புள்ளியியல் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள். மனிதரிடம் புரதத்தைக் குறிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. நோயுற்ற திசுவையும் நலமான திசுவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியே 0.05 என்ற வரம்பில் (அதாவது, நூற்றில் ஐந்து முறை தற்செயலாகவே வேறுபாடு தோன்ற இடம்தரும் வரம்பில்) சோதனை செய்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் சுமார் 1,000 மரபணுக்கள் வேறுபட்டவையாகத் தோன்றும். இதற்காகவே பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இல் முன்வைத்த, இத்தகைய தவறான கண்டுபிடிப்புகளின் விகிதத்தைக் கட்டுப்படுத்தும் திருத்தமுறை இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. மென்பொருள் அதைத் தானாகவே செய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நோயாளிகளின் மாதிரிகளை ஒரு தொகுதியாகவும் நலமுள்ளோரின் மாதிரிகளை வேறொரு நாளில் மற்றொரு தொகுதியாகவும் மரபணு வரிசையறிதலுக்கு (sequencing) உட்படுத்திவிட்டால், நோயின் விளைவையும் தொகுதியின் விளைவையும் பிரித்தறிய எந்த மென்பொருளாலும் இயலாது. சோதனை தொடங்குவதற்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டக்கூடியவர்தான் மருந்து ஆய்வுக் குழுவுக்குத் தேவைப்படுகிறார், அந்தத் திறனைக் கருவிகளை இயக்கக் கற்றுத்தரும் பாடங்கள் தருவதில்லை.

அந்த வகையில், புள்ளியியல் துறையில் பாடம் எடுக்க அனுமதி உண்டென்றால் ஆய்வேட்டுப் படிப்பையே நான் பரிந்துரைப்பேன். விடை தெரியாத கேள்வியோடு மாதக்கணக்கில் போராடும் பழக்கம் வகுப்பறைப் பயிற்சிகளில் வாய்ப்பதில்லை.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது மருந்து ஆய்வுக்குப் பொருந்தும். மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் எதிர்பார்ப்பு சற்று வேறானது. அங்கே ஒரே பகுப்பாய்வு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே விதமாக நடக்க வேண்டும், மென்பொருளின் எந்தப் பதிப்பு எப்போது பயன்பட்டது என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும், நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் முடிவுகள் பிறழவில்லை என்று நிறுவ வேண்டும். ‘ஜீனோம் இன் எ பாட்டில்’ கூட்டமைப்பு வெளியிட்டுள்ள, மரபணு மாறுபாடுகள் முன்பே நன்கு அறியப்பட்ட மாதிரித் தரவுகளோடு ஒப்பிட்டுத் துல்லியத்தை அளப்பது இத்துறையில் வழக்கம். ஆகவே மாணவர்கள் கச்சாத் தரவிலிருந்து தொடங்கி, லினக்ஸ் கணினித் தொகுதியில், கிட் (நிரலின் பதிப்புகளைப் பதிவுசெய்வது), டாக்கர் (மென்பொருளை அதன் சூழலோடு பொதிவது), நெக்ஸ்ட்ஃப்ளோ அல்லது ஸ்னேக்மேக் (பகுப்பாய்வுப் படிகளைத் தொடராக இயக்குபவை) கொண்டு முழுப் பகுப்பாய்வையும் தாமே அமைக்கிறார்களா என்று கேளுங்கள். ஆயத்தமான அட்டவணையை ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் திறந்து வரைபடம் போடுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது என்றால், அது போதாது.

தரவு அறிவியல் பட்டம் நிரலாக்கத்துக்கு வலுச்சேர்க்கும். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள உயிர்வேதியியல் அறிவை அங்கே வளர்த்துக்கொள்ள இடமிருக்காது என்பதால், மூன்றில் அதையே கடைசியாக வைப்பேன்.

மூன்றாம் பதில்

முனைவர் பட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எந்தக் கேள்வியை ஆராய்வது என்று முடிவுசெய்யும் விஞ்ஞானிப் பணிகளுக்குப் பெரும்பாலும் அதை எதிர்பார்க்கிறார்கள். பகுப்பாய்வாளர், பொறியாளர் பணிகளுக்கு முதுநிலைப் பட்டமே போதும். வேலைக்குச் சென்ற பிறகு தேவை தெளிவானால் அப்போது சேரலாம். உயர்வுக்கான படிக்கட்டாக மட்டும் கருதி நான்கைந்து ஆண்டுகளை அதில் செலவிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆய்வேட்டுப் படிப்பின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். புள்ளியியல் துறையில் பாடம் எடுக்க அனுமதிக்கிறார்கள். ஆனால் அதில் நிறுவனப் பயிற்சி இல்லை. இது பெருங்குறையாகுமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

குறைதான், ஆனால் ஈடுசெய்யக்கூடியது. ஜியோ (GEO), எஸ்ஆர்ஏ (SRA) ஆகிய பொது மரபணுத் தரவுக் களஞ்சியங்களிலிருந்து, வெளியான ஒரு கட்டுரையின் கச்சாத் தரவை எடுத்து, முழுப் பகுப்பாய்வையும் மீண்டும் செய்து, எங்கே உங்கள் முடிவு வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று விளக்கமாக எழுதி, நிரலோடு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வையுங்கள். நேர்காணலில் அதை வைத்து விரிவாகப் பேச முடியும். அதோடு, சேர்க்கையை ஏற்பதற்கு முன்பு இரண்டு செய்திகளை நெறியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: முதலாண்டு விடுமுறையில் நிறுவனம் ஒன்றில் பணியாற்ற அவர் இசைவாரா, ஆய்வேட்டின் நிரலைப் பொதுவெளியில் வைக்க விடுவாரா. அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எந்தப் பணியில் இருக்கிறார்கள் என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.