ஜப்பானிய மொழியில் ‘ன் தெசு’ எப்போது வரும்?

நகோயாவில் எட்டு மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். டிசம்பரில் என்4 தேர்வு (ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் ஒரு தொடக்க நிலை). வாக்கிய முடிவில் வந்து, காரணமோ விளக்கமோ சொல்லும் தொனி தரும் ‘ன் தெசு’விலேயே மூன்று வாரமாக நிற்கிறேன்.

வடிவம் தெரியும், பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘நா’ சேரும், ‘ப்யோகி நா ன் தெசு’ (உடம்பு சரியில்லை) என்பதுபோல. பயன்பாடுதான் பிடிபடவில்லை. ஏன் தாமதம் என்று ஆசிரியை கேட்டார். ‘தென்ஷா கா ஒகுரேமஷிதா’ (ரயில் தாமதமாகிவிட்டது) என்றேன். ‘ஒகுரேதா ன் தெசு’ என்று திருத்தினார். அதை நம்பிச் சுயஅறிமுகத்தில் ‘இந்தோ கரா கிதா ன் தெசு’ (இந்தியாவிலிருந்து வந்தேன்) என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்துவிட்டார். நம் ‘தான்’ இடைச்சொல்லோடு பொருத்திப் பார்த்தேன். ‘அதனால்தான்’ ஓரளவு ஒத்துவருகிறது. ‘தலை வலிக்கிறதுதான்’ என்றால் பொருளே மாறிவிடுகிறது.

எதிரில் இருப்பவர் எதுவும் கேட்காதபோது, ‘ன் தெசு’ வேண்டுமா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?