அவுட்லுக் திறக்கவில்லை, மெயில் எல்லாம் போச்சு: நீங்கள் பார்த்த கேஸ்களைச் சொல்லுங்கள்

திருப்பூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் என்றால் அவுட்லுக் இல்லாமல் இருக்காது. பையர் அனுப்பும் சாம்பிள் கமெண்ட், சைஸ் சார்ட், ஷிப்மென்ட் தேதி எல்லாம் மெயிலில்தான். அத்தனையும் மெர்ச்சண்டைசர் கம்ப்யூட்டரில், அவுட்லுக் மெயிலைச் சேமித்து வைக்கும் ஒரே ஒரு பி.எஸ்.டி. ஃபைலில் வருஷக்கணக்காகக் குவிந்து கிடக்கும். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

போன வருஷம் அப்படி ஓர் இடத்திலிருந்து போன். "ஏனுங்க தம்பி, காலையிலிருந்து ஒரு மெயிலும் வரலீங்க. ஃபைல் ஃபுல்லுன்னு காட்டுதுங்க. பழசையெல்லாம் அழிச்சும் பார்த்தாச்சு, அப்பவும் வரலீங்க." போய்ப் பார்த்தால் ஃபைல் 50 ஜி.பி.யை ஒட்டி நிற்கிறது. அவுட்லுக் 2010-லிருந்து அதுதான் எல்லை. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜி.பி., அதற்கும் முந்தையவற்றில் வெறும் 2 ஜி.பி. ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைக்கும் இடத்தில், எண்ணை மாற்றி எல்லையை ஏற்றலாம். ஏற்கெனவே தள்ளாடும் ஃபைலின் தலையில் இன்னும் பாரம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அழித்தும் ஏன் குறையவில்லை என்று கேட்டார்கள். மெயிலை அழித்து, டெலீட்டட் ஐட்டம்ஸையும் காலி செய்தாலும், அந்த இடம் ஃபைலுக்குள் வெற்றிடமாக அப்படியே கிடக்கும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அவுட்லுக் தானாகக் கொஞ்சம் சுருக்கும். உடனே குறைய வேண்டுமென்றால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் பக்கம் போய், செட்டிங்ஸ் திறந்து 'கம்பாக்ட் நவ்' கொடுக்க வேண்டும்.

ஆனால் போன உடனே நான் அதைக் கொடுக்கவில்லை. அவசரத்தில் அழித்ததில் வேண்டிய மெயிலும் போயிருக்கும். கம்பாக்ட் செய்யாதவரை அதன் மிச்சம் ஃபைலுக்குள் இருக்க வாய்ப்புண்டு, செய்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் முதலில் அவுட்லுக்கை மூடி, டாஸ்க் மேனேஜரில் அது நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்த்து, ஃபைலை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அங்கிருந்த பையன் அதற்கு முன்பே பென்டிரைவில் போட முயன்றிருக்கிறான். பென்டிரைவ் காலி, இடமும் போதும், ஆனாலும் ஃபைல் பெரிது என்று மறுத்திருக்கிறது. எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் ஆன பென்டிரைவ் அது. 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. பையன் பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டிருந்தான்.

நகல் கைக்கு வந்தபிறகுதான் வருஷத்துக்கு ஒரு பி.எஸ்.டி. உருவாக்கி, பழையதையெல்லாம் அவற்றுக்கு நகர்த்தி, யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா என்று பார்த்துவிட்டு, இரவில் கம்பாக்ட் போட்டுவிட்டு வந்தேன். அழிந்துபோன ஒரு சைஸ் சார்ட்டுக்காக மேடம் அழாத குறை. கடைசியில் அது சிசியில் போயிருந்ததால் அவருடைய உதவியாளர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ரெகவரி மென்பொருளுக்குக் காசு கொடுக்கப் போகிறவர்கள் முதலில் சிசியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்.

மதுரை, ஆடிட்டர் அலுவலகம்

நம்முடையது வேறு ரகம். ஆடிட்டர் சாருக்கு ஓர் ஆசை: அலுவலகத்து மெயில் எல்லாம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதனால் பி.எஸ்.டி.யை சர்வரில் ஷேர் செய்த ஃபோல்டரில் வைத்து, எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதையே திறக்கச் சொன்னார். ஒருவர் திறந்திருந்தால் இன்னொருவருக்கு 'ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது' என்று வரும். "தம்பி, உன்னுடையதை மூடப்பா, நான் ஒரு மெயில் பார்க்கணும்" என்று அறைக்கு அறை குரல் கேட்கும். நெட்வொர்க்கில் பி.எஸ்.டி. வைப்பதை ஆதரிப்பதில்லை என்று அவுட்லுக்கைத் தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சொன்னால் சார் கேட்பாரா?

ஜூலை மாதக் கடைசி, வருமான வரி ரிட்டர்ன் நெருக்கடி. அப்போது நெட்வொர்க் கேபிள் ஆடி இணைப்பு விட்டு விட்டு வந்தது. மறுநாள் காலை 'ஃபைலில் பிழைகள் கண்டறியப்பட்டன, இன்பாக்ஸ் ரிப்பேர் கருவியைப் பயன்படுத்துங்கள்' என்று பெட்டி வந்து நின்றது. அந்தக் கருவிதான் ஸ்கேன்பி.எஸ்.டி. அவுட்லுக் மெனுவில் தேடினால் கிடைக்காது. ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், அதற்குள் ரூட், அதற்குள் ஆபீஸ்16 என்று இறங்கினால் இருக்கும். ஒரு தடவை ஓட்டினால் போதாது. பிழை இல்லை என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஃபோல்டர்கள் பெரும்பாலும் பழையபடி வந்தன. எந்த ஃபோல்டர் என்று தெரியாத மெயில்களை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று ஒரு தனி ஃபோல்டரில் கொட்டி வைத்திருந்தது. அதைப் பிரித்து அடுக்கியது மட்டும் ஒரு தனி வேலை.

இப்போது ஃபைல் அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. சர்வருக்கு இரவில் நகல் மட்டும் போகிறது.

திருப்பூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்

மதுரை அண்ணே, திரும்பத் திரும்ப ஓட்டலாம், சரி. எதன்மீது ஓட்டினீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஸ்கேன்பி.எஸ்.டி. சரி செய்வது ஃபைலின் கட்டமைப்பை. எதைப் புரிந்துகொள்ள முடியவில்லையோ அதைக் கழற்றி விட்டுவிடும். மெயில் பத்திரமா என்பது அதன் கவலை இல்லை. ரிப்பேர் கொடுக்கும் முன் பேக்கப் எடுக்கவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அந்த டிக்கை யாரும் நீக்கிவிடாதீர்கள். அப்படியே இருந்தாலும் இரண்டாம் முறை ஓட்டும்போது அது எடுக்கும் பேக்கப், முதல் முறை வெட்டியது போக மிஞ்சியதன் பேக்கப்தான். மூல ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு நகலின்மீது ஓட்டுவதே என் வழக்கம்.

மதுரை, ஆடிட்டர் அலுவலகம்

நகல் சர்வரிலேயே இருந்தது தம்பி. சார் வைத்த இடத்துக்கு அந்த ஒரு நன்மை உண்டு.

சென்னை, பதிப்பகம்

தமிழில் மெயில் எழுதுகிறவர்களுக்கு வரும் ஒரு தொல்லையைச் சொல்கிறேன். இதை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் நான் பார்க்கவில்லை.

எங்கள் பதிப்பகத்தில் எழுத்தாளர்களோடு நடக்கும் போக்குவரத்து முழுக்கத் தமிழில். சப்ஜெக்ட் வரியும் தமிழ்தான்: 'இரண்டாம் மெய்ப்பு', 'அட்டைப்படம் குறித்து', 'ராயல்டி கணக்கு'. பழைய மெயில்களைச் சேர்த்து வைக்க ஆர்க்கைவ் என்று ஒரு பி.எஸ்.டி. கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஆசிரியர் பழைய மெயில் ஒன்றைத் தேடப் போனார். சப்ஜெக்ட் பகுதி முழுக்கக் கேள்விக்குறி. ஒரு வரியில் பத்துப் பதினைந்து கேள்விக்குறிகள், நடுவே ஓர் இடைவெளி, மறுபடி கேள்விக்குறிகள். அப்படியே ஆயிரக்கணக்கில் கீழே ஓடுகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, ஸ்கேன்பி.எஸ்.டி. ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிழையே இல்லை என்று அது சொல்லிவிட்டது. அது சொன்னது உண்மைதான்.

விஷயம் இது. 2003-க்கு முந்தைய அவுட்லுக் உருவாக்கிய பி.எஸ்.டி. யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொது முறை) அறியாதது. அது எழுத்துகளை விண்டோஸின் பழைய கோட் பேஜ் முறையில், அதாவது மொழிவாரியான எழுத்துப் பட்டியலை வைத்து, சேமிக்கும். ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் அப்படி ஒரு பட்டியல் விண்டோஸில் உண்டு, தமிழுக்குக் கிடையாது. தமிழ் விண்டோஸுக்குள் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். ஆகவே புதிய பி.எஸ்.டி.யிலிருந்து அந்தப் பழைய ஃபைலுக்கு ஒரு தமிழ் மெயிலை இழுத்துப் போட்ட கணத்திலேயே ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறி ஆகிவிடுகிறது. திரும்ப வெளியே எடுத்தாலும் கேள்விக்குறிதான் வரும். ஃபைலின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் ஃபார்மட் என்ற இடத்தில் 97-2002 என்று இருக்கும். அப்படி இருந்தால் அதில் இனி எதையும் போடாதீர்கள். புதிதாக ஒரு பி.எஸ்.டி. உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு நகர்த்திவிடுங்கள்.

போனது போனதுதானா? ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே கட்டுரை பெரும்பாலும் இணைப்பாக வந்திருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சப்ஜெக்டுக்கு ஒரு வழி இருந்தது. மெயிலைத் திறந்து, ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் போனால், அடியில் 'இன்டர்நெட் ஹெட்டர்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற தகவலெல்லாம் அதில். அங்கே சப்ஜெக்ட் வரியைத் தேடினால் யு.டி.எஃப்.-8 என்று தொடங்கி ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு குழப்பக் குவியல் இருக்கும். மெயில் பயணம் செய்யும்போது தமிழ் எழுத்துகளை அப்படிக் குறியீடாக மாற்றித்தான் அனுப்புவார்கள். குவியல் முழுக்க ஆங்கில எழுத்து என்பதால் பழைய ஃபைலும் அதைக் கைவைக்காமல் வைத்திருந்தது. அதை டீகோட் செய்தால் 'இரண்டாம் மெய்ப்பு' வந்து நிற்கிறது! எங்கள் ஆபீஸ் பையன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக எடுத்துக் கொடுத்தான்.

நாங்கள் அனுப்பிய மெயில்களுக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. சென்ட் ஐட்டம்ஸில் இருப்பது எங்கும் பயணம் போய்வராத பிரதி, அதில் ஹெட்டர் இருக்காது. அவற்றுக்கு வந்த பதில்களின் சப்ஜெக்டை வைத்துச் சிலவற்றை ஊகித்தோம். மற்றவை கேள்விக்குறியாகவே இருக்கின்றன.

யாழ்ப்பாணம், கல்வி நிறுவன அலுவலகம்

நாங்கள் பாவிப்பது தண்டர்பேர்ட். அவுட்லுக் ஆட்களின் கதையை வாசிக்கச் சிரிப்பும் வருகுது, பயமும் வருகுது, ஏனெண்டால் எங்களுக்கும் நடந்தது. ஒருநாள் காலமை அதிபரின் கணனியில் இன்பாக்ஸ் வெறுமை. மற்றக் கோப்புறைகள் எல்லாம் சரி, இன்பாக்ஸ் மட்டும் இல்லை.

தண்டர்பேர்ட் வழமையாக ஒரு கோப்புறையின் மின்னஞ்சல் முழுவதையும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கும். இன்பாக்ஸ் எண்டால் இன்பாக்ஸ் எண்ட பெயரிலேயே ஒரு கோப்பு, பின்னொட்டு எதுவும் இராது. அதற்குள் வந்த ஏதோ ஒரு மின்னஞ்சலில் வைரஸ் இருந்திருக்கு. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அது ஒரு மின்னஞ்சல் எண்டு தெரியாது, அதற்குத் தெரிந்தது ஒரு கோப்பு. முழு இன்பாக்ஸையும் தூக்கித் தன்னுடைய தடுப்பறையில் அடைத்துவிட்டது. அதிபர் "எல்லாத்தையும் அழிச்சிட்டுதோ தம்பி?" எண்டு கேட்டார். தடுப்பறையைத் திறந்தால் உள்ளே பத்திரமாகக் கிடந்தது. மீட்டு எடுத்து, தண்டர்பேர்டின் கோப்புறையை வருடலில் இருந்து விலக்கி, சந்தேகமான மின்னஞ்சலை அழித்து, பிறகு கொம்பாக்ட் செய்தோம். கொம்பாக்ட் செய்யாவிட்டால் அழித்தது கோப்புக்குள்ளேயே இருக்கும், வைரஸும் இருக்கும்.

இன்னொன்று: பட்டியல் தாறுமாறாகக் காட்டினால் எம்.எஸ்.எஃப். எண்டு முடியும் கோப்பு பழுது. அது வெறும் அட்டவணை. தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அழித்தாலும் திரும்ப உருவாகும். அதே பெயரில் பின்னொட்டு இல்லாமல் பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் மின்னஞ்சல். மாறி அழித்துப் போடாதேங்கோ.

சேலம், பள்ளி அலுவலகம்

சின்ன விஷயம். "பழைய மெயில் எல்லாம் தானா காணாமப் போகுது" என்று எங்கள் கிளார்க் அக்கா புகார். பார்த்தால் ஆட்டோ ஆர்க்கைவ் ஓடிக்கொண்டிருக்கிறது. நாள்பட்ட மெயிலை எடுத்து ஆர்க்கைவ் என்ற இன்னொரு பி.எஸ்.டி.யில் போட்டு வைக்கிறது. இடப்பக்கம் கீழே சுருங்கிக் கிடந்த அந்தப் பெயரை விரித்ததும் அக்கா முகத்தில் சிரிப்பு.

இன்னொன்று, அவுட்லுக் திறக்கவே மாட்டேன், 'ஃபோல்டர் தொகுதியைத் திறக்க முடியவில்லை' என்று அடம் பிடித்தால் உடனே பி.எஸ்.டி. போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ரன் பெட்டியில் அவுட்லுக்.எக்ஸ்இ என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ரீசெட்நேவ்பேன் என்று சேர்த்து ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பல சமயம் கெட்டிருப்பது இடப்பக்கப் பட்டியலின் செட்டிங் மட்டும்தான்.

கோவை, ஐ.டி. சப்போர்ட்

சர்வரில் உள்ள மெயிலுக்கு அவுட்லுக் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் நகல் ஃபைலான ஓ.எஸ்.டி. பற்றி யாரும் எழுதவில்லையே. 'ஓ.எஸ்.டி. வெறும் நகல்தான், சர்வரில் எல்லாம் இருக்கிறது, அழித்துவிடு, தானாக வந்துவிடும்' என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில் சர்வர்) கணக்குக்கு அது பெரும்பாலும் சரி. ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் பார்க்கும் பொது முறை) கணக்குக்கு அப்படியே நம்பக் கூடாது. அவுட்லுக் 2013 முதல் ஐமேப் கணக்கும் ஓ.எஸ்.டி.தான் வைக்கிறது. ஐமேப்பில் மெயில் மட்டும்தான் சர்வரோடு ஒத்துப்போகும். காண்டாக்ட்ஸும் காலண்டரும் 'இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்' என்று அடைப்புக்குறி போட்டு அந்த ஓ.எஸ்.டி.க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு மில் மேனேஜர் கம்ப்யூட்டரில் சிங்க் ஆகவில்லை என்று வேறொருவர் ஓ.எஸ்.டி.யை அழித்திருக்கிறார். மெயில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. சப்ளையர், டீலர் நம்பர் ஒன்றுகூட இல்லை. மேனேஜர் கத்திய கத்து எனக்குப் போனிலேயே கேட்டது. நல்லவேளை, ரீசைக்கிள் பின் காலியாகவில்லை. அவுட்லுக்கை மூடி, புதிதாக உருவானதற்கு வேறு பெயர் வைத்து, பழையதை அதே இடத்தில் அதே பெயரில் வைத்து, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். காண்டாக்ட்ஸ் வந்தது. சிங்க்கைத் தொடுவதற்கு முன் அதை அப்படியே ஒரு பி.எஸ்.டி.யாக எக்ஸ்போர்ட் செய்துகொண்டேன்.

திருப்பூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்

கோவை நண்பரே, அதே ப்ரொஃபைல், அதாவது எந்தக் கணக்கு, எந்த ஃபைல் என்று அவுட்லுக் வைத்திருக்கும் செட்டிங், இருந்ததால்தான் அது திறந்தது. ப்ரொஃபைலையும் சேர்த்து அழித்திருந்தால் பழைய ஓ.எஸ்.டி.யை அவுட்லுக் தொடவே தொடாது, வெளி கன்வெர்ட்டர்தான் தேட வேண்டியிருக்கும். கண்ட்ரோல் பேனலில் மெயில் என்ற இடத்தில் புது ப்ரொஃபைல் போட்டுச் சோதிப்பவர்கள் பழையதை விட்டுவைத்துவிட்டே போடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எந்தக் கெடுதலும் இல்லை.